உதிராத பூச்சு

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில், குடிநீர் வடிகட்டுவதற்கென்று பீங்கான் தூள் பூசிய பாலிமர் சவ்வு ஒன்று இரண்டு சோதனைகளில் தேறியது. மனித குலம் தாகம் எடுத்த நாளிலிருந்து காத்திருந்த காலை அது என்றார் இயக்குநர். மறுத்துப் பேச மனித குலத்தின் சார்பில் அங்கே யாரும் இல்லை.

முதலாவது, வலிமைச் சோதனை. சவ்வின் இரு முனைகளையும் பிடியில் மாட்டி இயந்திரம் இழுத்தது, கிழியவில்லை. அடுத்தது, ஒட்டுதல் சோதனை. பூச்சின் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று உரிக்க வேண்டும். பூச்சு டேப்போடு வந்தால் தோல்வி. ஒரு துகள்கூட வரவில்லை. "உதிர்வு: பூஜ்யம்" என்று அறிவிக்கப்பட்டு, கைதட்டல் முறைப்படி நடந்தேறியது.

கைதட்டாதவள் ஆய்வாளர் ஒருத்திதான். டேப் சோதனையைச் செய்தவள் அவள். சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவளும் அவளே. இந்தச் சவ்வு வைத்த முதல் வடிகட்டி, அவள் மகள் படிக்கும் பள்ளியின் குடிதண்ணீர்த் தொட்டிக்குப் போகவிருந்தது.

"சார், டேப்பை நான் உரிக்கவே இல்லை. தானா விழுந்துடுச்சு. பழைய டேப், பசையே இல்லை."

"அது டேப்போட பிரச்சினைம்மா. நம்ம துறை சவ்வு."

அவள் பார்சல் கட்டும் டேப்பை எடுத்துவந்து அவர் கண்ணெதிரே ஒட்டி இழுத்தாள். பூச்சு மொத்தமும் பெயர்ந்து, கவிழ்ந்த பவுடர் டப்பாபோல மேசையெங்கும் கொட்டியது.

இயக்குநர் கலங்கவில்லை. பெரிய மனிதர்களுக்கு அந்தப் பக்குவம் உண்டு.

"இதே டேப்பை உன் வீட்டுச் சுவத்துல ஒட்டி இழுத்துப் பாரும்மா. பெயிண்ட் வரும். அதுக்காக வீட்டைக் காலி பண்ணிடுவியா?"

"சுவத்தை யாரும் குடிக்கிறதில்லையே சார்."

"வாய்க்கு வாய் பேசாதே. அழைப்பிதழெல்லாம் அடிச்சாச்சு. போடு கையெழுத்தை."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"போடறேன் சார். ஆனா இவ்வளவு பெரிய சாதனை, முதல்ல பள்ளிக்கூடத்துக்குப் போறது நியாயமா? உங்க அறையில மாட்டலாம். முதல் டம்ளரை நீங்க குடிங்க, போட்டோ எடுத்துடலாம்."

கூட்டம் இன்னொரு முறை கைதட்டியது. இயக்குநர் மேசையில் கிடந்த வெள்ளைத் தூளைப் பார்த்தார். விரல் நுனியால் தொட்டார். விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். பிறகு இன்னொரு முறை துடைத்தார்.

"அறிவியல்ல அவசரம் கூடாது," என்றார். "அந்தப் பார்சல் டேப்பையே வெச்சு முதல்லேர்ந்து பண்ணுங்க."

மறுசோதனை நடந்தது. சவ்வு தோற்றது. வடிகட்டி எங்கும் போகவில்லை.

அந்தப் பள்ளியில் நானூறு பிள்ளைகள் படிக்கிறார்கள். இயக்குநர் தம் அறையில் குடிப்பது நாளொன்றுக்கு இரண்டு டம்ளர்.