செத்த அப்பாக்களுக்கு முழு மதிப்பெண்

செத்துப்போய் மூன்று வாரமான லாரி ஓட்டுநர் பள்ளிக்கூட வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“எவன்யா அந்த வாத்தியார்? வரச் சொல்லு வெளிய! நான் செத்துட்டேனாமே? மளிகைக்கடைக்காரர் என் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலையேம்மா’ன்னு அழறாரு. நான் பின்னாடி பையைத் தூக்கிட்டு நிக்கறேன்!”

வாத்தியார் வகுப்பை விட்டு வாசலுக்கு ஓடிவந்தார். இத்தனைக்கும் பாவம், அந்த மனுஷன் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரு பயிற்சிக்குப் போய்வந்தார், அவ்வளவுதான். மனப்பாடம் வேண்டாம், பிள்ளைகள் தாங்களே கேட்கட்டும், தேடட்டும், தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதட்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“ஆறாம் வகுப்புல நடத்திக் காட்டுங்க” என்றார் தலைமையாசிரியை. “பெற்றோர் தினத்தன்னிக்கு நல்லபடியா வந்தா உங்க வேலை நிரந்தரம். சொதப்பினா வேற இடம் பாத்துக்குங்க.”

வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். சொதப்புகிற வசதியெல்லாம் அவருக்கு இல்லை.

முதல் தலைப்பு ‘என் அப்பா’. உண்மையாக எழுதணும், படிக்கிறவர் மனசைத் தொடணும் என்று சொல்லியிருந்தார். லாரிக்காரர் மகள் அப்பாவை மலைப்பாதையில் லாரியோடு உருட்டிவிட்டு, கடைசி மூச்சில் “நல்லாப் படிம்மா” என்று சொல்ல வைத்திருந்தாள். வாத்தியார் அழுதே விட்டார். முழு மதிப்பெண் போட்டு, காலைக் கூட்டத்தில் வாசிக்க வைத்தார். தலைமையாசிரியையும் மூக்கை உறிஞ்சினார்.

“மத்தவங்களும் திருத்தி எழுதிட்டு வாங்க. மார்க் கூடும்” என்று வகுப்பில் சொன்னார்.

சொல்லியா தரவேண்டும்? அடுத்த வாரம் வகுப்பில் அப்பா என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. ஒருவரை மின்சாரம் அடித்தது. இன்னொருவரை நாய் கடித்தது. ஒரு தடிப்பயல் எதற்கும் இருக்கட்டும் என்று மாமாவையும் சேர்த்துப் போட்டுத்தள்ளியிருந்தான்.

ஒரே ஒருத்திதான் அசையவில்லை. அந்த வருஷம் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அவளுக்கு வாத்தியார் வைத்த பெயர் கல்லுளிமங்கி. அவள் எழுதியது இவ்வளவுதான்:

‘அப்பா காலையில் எழுந்தார். டீ குடித்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். நான் சரி செய்தேன். வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார். நான் திறந்தேன்.’

வாத்தியார் சிவப்பு மையில் ‘உயிரே இல்லை’ என்று எழுதி, மூன்று மதிப்பெண் போட்டார். அவள் அதையே முத்து முத்தாக மறுபடி எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள்.

லாரிக்காரரின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, வாத்தியார் வகுப்புக்குள் பாய்ந்தார்.

“இனிமே ஒருத்தரும் சாகக் கூடாது. புரியுதா?”

புரிந்தது. மறுவாரம் எல்லா அப்பாக்களும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒருவருக்குக் கண் போயிற்று. தையற்காரருக்கு இரண்டு காலும் போயிற்று. அவர் அதே கால்களால் வேகமாக நடந்து வந்தார்.

“சார், ‘கால் இல்லாம எப்படிய்யா மிஷினை மிதிப்பே’ன்னு குடுத்த துணியெல்லாம் திருப்பிக் கேக்கறாங்க. என் பொழப்புல ஏன் சார் மண்ணைப் போடறீங்க?”

“எழுத விட்டாத்தானே வம்பு? விசாரிக்க விடுவோம்” என்று வாத்தியார் அடுத்த முறைக்குத் தாவினார். அப்பாவிடம் கேள்வி கேள், அவர் சொன்னதை மட்டும் எழுது. கேள்விகளைப் பிள்ளைகளே தயாரிக்க வேண்டும். அதுதானே முறை?

தயாரித்தார்கள். ‘கடைசியாக எப்போது அழுதீர்கள்? அம்மாவைக் கட்டிக்கொண்டது தப்பு என்று நினைத்ததுண்டா? என்னைப் பிடிக்குமா, தம்பியைப் பிடிக்குமா?’

அந்த வாரம் இரண்டு வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஒரு அப்பா கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். கல்லுளிமங்கி பழைய கட்டுரையையே கொண்டுவந்தாள்.

“அப்பாகிட்ட ஒண்ணுமே கேக்கலையா?”

“கேட்டேன் சார்.”

“என்ன சொன்னார்?”

அவள் அந்தத் தாளையே மறுபடி நீட்டினாள். வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்பனும் கல்லுளிமங்கன்தான் போல” என்றார். வகுப்பு சிரித்தது.

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். “ஊர் பூரா நம்ம மானம் போகுது. பெற்றோர் தினத்துல இதைச் சரி பண்ணலைன்னா அன்னிக்கே கணக்கை முடிச்சுக்கலாம்.”

வாத்தியார் இரவெல்லாம் புரண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். செயல்திட்டம்! மேடையில் ஆளுக்கொரு நாற்காலி. ஒவ்வொரு அப்பாவும் முழுசாக வந்து உட்கார வேண்டும். பிள்ளை பக்கத்தில் நின்று உண்மையை வாசிக்க வேண்டும். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஊரே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்றைக்கு அப்பாக்கள் திரண்டு வந்தார்கள். லாரிக்காரர் கைதட்டலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். தையற்காரர் காலை ஆட்டிக் காட்டினார். அண்ணன் வீட்டுக்குப் போனவர்கூடத் திரும்பிவிட்டார். தலைமையாசிரியை முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. வாத்தியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“அது ஏன் காலியா இருக்கு?” என்றார் தலைமையாசிரியை.

கடைசி நாற்காலி. அதைப் பாவாடை நுனியால் துடைத்துவிட்டுப் பக்கத்தில் விறைப்பாக நின்றிருந்தாள் கல்லுளிமங்கி. சலவைக்கூடத்துச் சீருடையோடு அவள் அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்துகொண்டிருந்தாள்.

வாத்தியாருக்கு இருந்த பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. இந்த ஒரு நாற்காலியால் வேலை போகப்போகிறதே!

“ஏம்மா, அப்பாவைத்தானே வரச் சொன்னேன்? ஊர்ல இருக்கற அத்தனை பேரும் பொழப்பை விட்டுட்டு வந்திருக்காங்க. உங்க வீட்டுக்காரர் மட்டும் என்ன பெரிய கலெக்டரா? பெத்த பொண்ணுக்காக ஒரு மணி நேரம் வரமுடியாதா?” என்று மேடையிலிருந்தே இரைந்தார். “இவளைப் பாருங்க. உண்மையை எழுதுன்னா ஒரே கட்டுரையைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்து நீட்டறா. நீங்களே படிங்க!”

அந்த அம்மா ஈரக்கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். எழுத்துக்கூட்டி மெல்லப் படித்தாள். படித்து முடித்தும் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“பொத்தானைச் சரி பண்ணி அனுப்பினாளே, அது வரைக்கும் நிஜம் சார்” என்றாள். “சாயங்காலம் வந்து கதவைத் தட்டினார்னு எழுதியிருக்கா பாருங்க, அது மட்டும்தான் பொய், அன்னிக்கு அவர் உயிரோட திரும்பலை.”