பிராண்டே ரெகேயும் ஒருவரும் திறக்காத இறுவட்டும்

ரெகே இசையின் வரலாற்றில் இரண்டே இரண்டு ஊர்கள்தான் உண்டு. ஒன்று ஜமேக்காவில் இருக்கிறது. மற்றது டென்மார்க்கில் இருக்கிற பிராண்டே. முதலாவதைப் பற்றி உலகம் வேண்டியமட்டும் எழுதிவிட்டது. இரண்டாவதைப் பற்றி ஒரு நாதியும் எழுதாமல் விட்ட அநியாயத்தை இங்கே நிவர்த்தி செய்கிறோம்.

பிராண்டேயின் ரெகே முழுவதும் ஒரே மனிதருக்குள் அடக்கம். பெயர் யூட். சொந்த இடம் மட்டக்களப்பு. காற்றில் மின்சாரம் எடுக்கிற ராட்சதக் காற்றாடிகளுக்கு இறக்கை செய்கிற தொழிற்சாலையில் வேலை. ரெகே பாடகர்களுக்குத் தோளில் புரளும் சடை இருக்கும் என்பார்கள். யூட்டின் தலை சுத்தமான வழுக்கை. வெயில் நாளில் அவரைப் பார்த்தால் கண் கூசும்.

அகதியாக வந்த காலத்தில், முகாமில் இவருக்கு அறைத்தோழனாக வாய்த்தவன் ஒரு கம்பியா நாட்டுக்காரன். அவனிடம் ஒரு கசெட் பெட்டியும் நாலைந்து ரெகே கசெட்டுகளும் இருந்தன. மற்றத் தமிழர்கள் எல்லாரும் முகாமில் டெனிஷ் படித்தார்கள். யூட் ரெகே படித்தார். அதனால் அவருடைய டெனிஷ் இன்றைக்கும் தாளம் தப்பாது, இலக்கணம்தான் தப்பும்.

குரல் வளம் வெளிப்பட்டது தொழிற்சாலையில். காற்றாடி இறக்கையின் உட்புறம் ஒரு நீளக் குகை. பிசின் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க உள்ளே தவழ்ந்து போனவர் ஒரு நாள் இருமினார். அந்த இருமல் தேவாலயத்துப் பாடல் மாதிரி அவரிடமே திரும்பி வந்தது. மனுசன் விடுவாரா? அடுத்த நாளிலிருந்து உள்ளே போய்ப் பாடத் தொடங்கினார். மேற்பார்வையாளர் வாசலில் குனிந்து, "உள்ளே என்ன சத்தம்?" என்று கேட்டபோது, "தரப் பரிசோதனை" என்று பதில் போனது. கடலில் சுழலும் காற்றாடிகளில் சில இன்றைக்கும் ரெகே மாதிரியே அரைத் தாளம் பிந்தித்தான் சுழல்கின்றன என்று ஊரில் ஒரு கதை. அதை நாங்கள் உறுதிப்படுத்தவில்லை.

ஒலிப்பதிவுக் கூடம் வீட்டுக் கராஜில் நின்ற பழைய டொயோட்டா. கண்ணாடிகளுக்குக் குளிர்காலப் போர்வைகளைக் கட்டிவிட்டு, முன் சீற்றில் கிற்றாரோடு இருந்து பாடுவார். ஒரு பாட்டில் முழங்கை பட்டு ஹோர்ன் அடித்துவிட்டது. அதை அவர் வெட்டவில்லை. உணர்ச்சி கூடிய இடமாம்.

மனைவி கோகிலாவுக்கு இந்தச் சங்கீதத்தைப் பற்றி இருந்த அபிப்பிராயம் ஒரே சொல்லில் அடங்கும்.

"துவங்கீட்டார், டுக்கு டுக்கு" என்பாள்.

கோகிலாவைக் குறை சொல்லக்கூடாது. முதியோர் பராமரிப்பு வேலை. விடிய எழும்பி, வீடு வீடாகப் போய், கிழவர்களின் வீங்கிய கால்களில் இறுக்கமான காலுறையை, எங்கள் பாஷையில் மேஸை, இழுத்து மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து விழுகிற மனுசிக்கு டுக்கு டுக்கு எப்படி இனிக்கும்? யூட்டுக்கும் அது தெரியும். தெரிந்தபடியால்தான் நாலாவது பாட்டை எழுதினார்.

*கோகிலா வாறாள், சைக்கிளில வாறாள்,*
*ஊர்க் காலுக்கெல்லாம் மேஸ் போட்டு வாறாள்,*
*தன்ர காலுக்கு மருந்து பூச மறந்து வாறாள்.*

இதைக் கோகிலாவுக்கு அவர் பாடிக் காட்டவில்லை. எங்கள் ஆண்களின் விசேஷம் உங்களுக்குத் தெரியாததா? மனைவியிடம் அன்பைச் சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு மேடையும், ஒரு ஒலிவாங்கியும், ஐந்நூறு சனமும் தேவைப்படும். பாட்டுகளை வெளியிடுகிற விழாவில் பாடவேண்டும், முன்வரிசையில் இருந்து அவள் கேட்கவேண்டும். யூட்டின் ஆசை அவ்வளவுதான்.

அந்த ஆசையைத்தான் "மத்திய யூலாந்து தமிழ்க் கலை பண்பாட்டு மேம்பாட்டு ஒன்றியம்" கையில் எடுத்தது.

ஒன்றியத்தின் தலைவர் பூபாலசிங்கம் கலையை வளர்ப்பதற்கென்றே பிறந்தவர். அவர் வளர்த்த கலைஞர்கள் யூலாந்து முழுக்க இருக்கிறார்கள். எல்லாரிடமும் ஆளுக்கு நாலு பொன்னாடை இருக்கிறது. யூட் வீட்டு வரவேற்பறையில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. யூட்டின் மகள் ஷர்மினி ஓல்போர்க்கில் படிக்கிற பிள்ளை, லீவுக்கு வந்து நின்றாள்.

"ஃபார், இப்ப ஒருத்தரிட்டையும் சீடி போடுற மிஷின் இல்லை. இன்ரநெற்றில விடுங்கோ. எல்லாரும் போனில கேப்பினம்" என்றாள், பாதி டெனிஷிலும் பாதி தமிழிலும். டெனிஷில் ஃபார் என்றால் அப்பா.

பூபாலசிங்கம் ஆழமாக யோசித்தார்.

"பிள்ளை சொல்லுறது விஞ்ஞானம். ஆனா நெற்றைத் தட்டில வச்சு, பூப் போட்டு, மேடைக்குக் கொண்டு வரேலுமோ? முதல் பிரதியை ஆரிட்டைக் குடுக்கிறது? நெற்றுக்குப் பொன்னாடை போர்த்தேலுமோ?"

ஏலாதுதான். எனவே சீடிதான், சுத்தத் தமிழில் இறுவட்டு, என்று முடிவாகியது. சுவரொட்டியில் யூட்டின் வழுக்கைக்கு மேல் கணினி மூலம் இடுப்புவரை சடை வளர்க்கப்பட்டது. "சனம் ரெகே எண்டு நம்பவேணும்" என்றார் தலைவர்.

விழாவுக்கு முதல் நாள் பார்சல் வந்தது. யூட்டும் பூபாலசிங்கமும் கராஜில் வைத்து உடைத்தார்கள். உள்ளே அழகழகான உறைகள். ஒன்றிலும் இறுவட்டு இல்லை. அடித்துக் கொடுக்கிற கொம்பனிக்குப் போன் பண்ணினால், அது வேறு பார்சலாம், அடுத்த கிழமை வருமாம்.

"அண்ணை, மறுகா என்ன செய்யிறது? விழாவைப் பின்போடுவமா?"

பூபாலசிங்கம் ஓர் உறையை எடுத்து யூட்டின் முகத்துக்கு முன்னால் ஆட்டினார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? மண்டபம் எடுத்தாச்சு. பிரதம விருந்தினர் நோர்வேயில இருந்து வெளிக்கிட்டாச்சு. சனத்துக்குத் தின்ன ரோல்ஸ் சுத்தியாச்சு. யூட், நாங்கள் வெளியிடப் போறது என்ன? உறையைத்தானே! வழக்கம்போலப் பளபளாத் தாளில சுத்தி ரிபன் கட்டுவம். உள்ளுக்கு ஒரு மட்டைத் துண்டு வச்சால் பாரமும் சரியா இருக்கும்."

"திறந்து பாத்தா?"

"அண்டைக்கு இரவே உமக்குப் போன் வரும். மன்னிப்புக் கேட்டு, அடுத்த கிழமை வீடு வீடாக் கொண்டுபோய்க் குடும். ஆருக்கும் சொல்லாதையும், மனுசிக்கும்."

யூட் யோசித்தார். மேடையில் நாலாவது பாட்டைப் பாடத்தானே போகிறோம்? இறுவட்டு இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே. இருவரும் கராஜுக்குள் இருந்து மட்டை வெட்டினார்கள்.

விழா சிறப்பாக நடந்தது. எவ்வளவு சிறப்பு என்றால், மங்கல விளக்கு ஏற்ற வந்தவர்களை எண்ணினால் பார்வையாளர்களைவிடக் கூட. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை எல்லாம் நடந்தன. ஆய்வுரை நிகழ்த்தியவர் சில்க்போர்க் தவராஜா, எங்களுக்குள் பெரிய ஆராய்ச்சியாளர் என்று பெயர் எடுத்தவர். "ரெகே எங்கட சாமான்!" என்று மேசையில் குத்தினார். பழந்தமிழ் மாலுமி ஒருவன் உடுக்கோடு புயலில் அகப்பட்டு ஜமேக்காவில் ஒதுங்கிய வரலாற்றை, நேரில் நின்றவர் மாதிரிச் சொன்னார். அவன் நனைந்த உடுக்கை அடித்தபடியால்தான் தாளம் பிந்தி விழுந்ததாம். சபை கைதட்டியது. அந்த மாலுமிக்கும் ஒரு பொன்னாடை போர்த்தியிருப்பார்கள், ஆள் அகப்படவில்லை.

பிறகு முதல் பிரதி, சிறப்புப் பிரதி, மதிப்புப் பிரதி. வரிசையாக வந்து, ஒரு கையால் காசு என்வலப்பைக் கொடுத்து மறு கையால் பார்சலை வாங்கி, கமெராவைப் பார்த்துச் சிரித்தார்கள். சில என்வலப்புகளுக்குள்ளும் ஒன்றும் இருக்கவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. ஆக, கொடுக்கல் வாங்கல் நீதியாகவே நடந்தது.

நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி: "ஏற்புரை (நேரம் இருப்பின் ஒரு பாடல்)."

யூட் கிற்றாரோடு எழும்பினார். முன்வரிசையில் கோகிலா சாமந்திப்பூ நிறச் சேலையில் இருந்தாள். கால் வலிக்க, செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தாள். அதைக் கண்ட யூட் நாலாவது பாட்டுக்கு விரல்களை வைத்தார். ஒரு தட்டுத் தட்டினார். டுக்கு.

மண்டபப் பொறுப்பாளர் ஹென்னிங் கதவைத் திறந்துகொண்டு வந்தார். நல்ல மனிதர், வயசான டெனிஷ்காரர். கையில் கிலுங்குகிற மண்டபத் திறப்புக் கோர்வை, பின்னால் பட்மின்ரன் மட்டைகளோடு ஒரு கூட்டம். "மன்னிக்கவேணும், உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்றார். சபை "ஆகா, நல்ல விழா" என்று ரோல்ஸ் பக்கம் திரும்பியது. யூட் கிற்றாரைப் பையில் வைத்தார். அழுகை வரப் பார்த்தது, பொன்னாடையால் துடைத்தார். அது உறிஞ்சாத துணி.

ஹென்னிங் சங்கடத்தோடு நிற்பதைப் பார்த்து, மிஞ்சிய பார்சலில் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

சரி, மேடை போனால் போகட்டும். கோகிலாவுக்கும் ஒரு பார்சல் கிடைத்திருக்கிறதே. திறப்பாள். "இஞ்சேருங்கோ, உள்ளுக்கு ஒண்டும் இல்லையே" என்பாள். அப்போது பாட்டைக் கொடுக்கலாம். பாட்டு போனிலும் இருந்ததுதான், எப்போது வேண்டுமானாலும் போட்டுக் காட்டலாம். ஆனால் கேட்கவேண்டும் என்று அவளாக ஒருக்கால் கை நீட்டவேண்டும். அதற்காக யூட் காத்திருந்தார்.

கோகிலா பார்சலை ரிபனோடு கண்ணாடி அலுமாரியில் வைத்தாள். சனிக்கிழமைகளில் தூசு தட்டினாள்.

இறுவட்டுகள் வந்து சேர்ந்து கராஜில் குந்தியிருந்தன. போனை யூட் குளிக்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உறைக்குள் ஒன்றும் இல்லை என்று ஒருவரும் போன் பண்ணவில்லை. மாறாக, பாராட்டு வந்தது. கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்ற தவராஜா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"யூட், அந்த நாலாவது பாட்டு! நானும் மனுசியும் இரவிரவா அழுதம்."

"எந்த இடத்தில அண்ணை?"

"தொடக்கத்தில இருந்தே."

வீட்டுக்கு வந்து, கடைசியில் தாங்கமாட்டாமல், கோகிலாவிடமே கேட்டார்.

"அந்தச் சீடியைக் கேட்டனீரோ?"

கோகிலா முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஓம், கேட்டனான். நல்லா இருக்கு" என்றாள்.

தவராஜா சொன்னது சிரிப்பாக இருந்தது. இது அப்படி இல்லை. யூட் போய் டொயோட்டாவுக்குள் இருந்தார். அன்றைக்குப் பாடவில்லை.

சில மாதங்கள் கழிந்து, ஒரு சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. தூசுத் துணியோடு கோகிலா போய்த் திறந்தாள். ஹென்னிங். கையில் அந்த உறையும் மட்டைத் துண்டும்.

"தொந்தரவுக்கு மன்னிக்கவேணும். இதற்குள் இறுவட்டு இல்லை. நான்தான் தொலைத்துவிட்டேனாக்கும் என்று கார் முழுக்கத் தேடினேன். அன்றைக்கு அவரைப் பாட விடாமல் கதவைப் பூட்டினது மனசுக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. கேட்கவேணும்."

கோகிலா நேரே அலுமாரிக்குப் போனாள். ரிபனை இழுத்தாள். தாளைக் கிழித்தாள். மட்டைத் துண்டு கீழே விழுந்தது. திரும்பினால் யூட் நிற்கிறார்.

"நான்... கேட்டனான் எண்டு சொன்னன், என்ன?"

"ஓம்."

"நல்லா இருக்கு எண்டும் சொன்னன்."

"ஓம்."

"ஐயோ" என்று கோகிலா கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு எழும்பி, கையை நீட்டினாள். "எங்க, அதைத் தாங்கோ."

யூட் கராஜில் இருந்து ஒரு இறுவட்டை எடுத்துவந்தார், ஆனால் வீட்டிலும் டொயோட்டாவிலும் சீடி போட ஒன்றும் இல்லை. மூன்று பேரும் ஹென்னிங்கின் பழைய வொல்வோவுக்குள் ஏறி இருந்தார்கள். கோகிலா முன் சீற்றில், தூசுத் துணி மடியில். நாலாவது பாட்டு ஓடியது. ஹென்னிங் ஸ்ரியறிங்கில் விரலால் சரியான இடத்தில், பிந்தித் தட்டினார். மேஸ் வந்தது, சைக்கிள் வந்தது, மருந்து வந்தது. கோகிலா தூசுத் துணியால் முகத்தைத் துடைத்தாள். அது பொன்னாடையைவிட நன்றாக உறிஞ்சியது.

"ஹோர்ன் அடிச்சதை வெட்டியிருக்கலாம்" என்றாள். "திருப்பிப் போடச் சொல்லுங்கோ."

அந்த நேரம் பார்த்து யூட்டின் போன் அடித்தது. பூபாலசிங்கம்.

"யூட், வாழ்த்துகள்! உம்மட இறுவட்டுக்கு எங்கட ஒன்றியத்தின்ர 'ஆண்டின் சிறந்த இசைப்படைப்பு' விருது. நடுவர் குழு ஏகமனதா முடிவெடுத்திட்டுது."

"அண்ணை, அதுக்குள்ள மட்டைதான் இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்கும் உமக்கும் தெரியும். நடுவருக்குத் தெரியாதே! இத்தினை மாசமா ஒரு முறைப்பாடு வந்ததோ? இப்பிடிக் குறையில்லாத படைப்பு நான் கண்டதில்லை."

கோகிலா போனைப் பறித்தாள்.

"அண்ணை, நான் கோகிலா. இவரின்ர பாட்டு இப்ப வெளியில காரில பாடுது. உங்கட வீடு அடுத்த றோட்டுத்தானே, வந்து ஒருக்கால் கேட்டிட்டுப் போங்கோ."

"ஐயோ தங்கச்சி, நேரமில்லை. விருது விழா வேலை தலைக்கு மேல கிடக்கு."

விருது விழாவுக்கு அனைவரையும் அன்போடு அழைக்கிறோம். உரைகள் நிறைய உண்டு, பாட்டு இல்லை, எனவே நேரத்துக்கு முடியும். பார்சலை இதுவரை திறக்காதவர்கள் இனியும் திறந்து சிரமப்பட வேண்டியதில்லை. உண்மையான இறுவட்டுகள் யூட்டின் கராஜில் அடுக்கி இருக்கின்றன, கேட்டு வருகிறவர்களுக்குச் சும்மாவே கொடுக்கிறார். வாசல் மணி அடித்து அப்படிக் கேட்டு வந்த ரசிகர் இன்றுவரை ஒரேயொருவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது.