ஐஸ் அறையில் வைத்த கிழங்கு

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோது கற்பிட்டியிலிருந்து இரண்டு கட்டை தூரம் நடந்துவிட்டேன். தோளில் துணிப்பை, சட்டையில் கருகிய கிழங்கு வாசம். ஒளிய இடமில்லை. இருபுறமும் வெங்காயத் தோட்டம்; வெங்காயத் தாள் முழங்காலுக்கு மேல் வளர்வதில்லை.

ஒன்றும் தெரியாதவன் கேட்டுச் செய்வான். ஒன்று மட்டும் தெரிந்தவன்தான் கேட்காமலே செய்வான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, உப்பளம், கருவாட்டு வாடி, மீன் வைக்கும் ஐஸ் அறை என்று அலைந்ததில் நான் கற்ற ஒன்று: குளிரில் வைத்தால் எதுவும் கெடாது.

இந்தப் படிப்போடுதான் உருளைக்கிழங்குத் தோட்டக்காரரான ஹாஜியாரிடம் போய்ச் சேர்ந்தேன். மகளின் கல்யாணம் முடியும்வரை கூடமாட நிற்க வேண்டும். ஒழுங்காக நின்றால் அவருடைய ஸ்டோரில் நிரந்தர வேலை, படுக்க ஓர் அறை. அந்த வருடம் நான் படுத்த இடங்களில் கதவுள்ளது ஐஸ் அறை மட்டும்தான். (அதுவும் வெளியிலிருந்து பூட்டுவது.)

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர் ஹாஜியார். இந்த மணலில் தான் விளைவித்த கிழங்கைக் கற்பிட்டிச் சம்பந்திகள் தின்றுபார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. பத்திரமாக வைக்கச் சொல்லி ஐந்து மூட்டைகளை என்னிடம் தந்தார். நான் அவற்றை முன்பு வேலை பார்த்த ஐஸ் அறையில், அறுக்குளா மீன்களுக்குப் பக்கத்தில் அடுக்கினேன். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது கல்லுப்போல இருந்தன. எனக்கு ஒரே பெருமை.

கல்யாணத்தன்று சமையல்காரர் நீளநீளமாக வெட்டி எண்ணெயில் போட்டார். வெளியே கறுப்பு, உள்ளே வேகவில்லை. எண்ணெயை மாற்றியும் அதே கறுப்பு. வேறு வழியில்லாமல் சோற்றுச் சகன்களின் மேல் அதையே வைத்து அனுப்பினோம். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சகனில் சாப்பிடும்போது, ஒருவர் முகம் சுளித்தால் மற்ற ஐந்து பேருக்கும் தெரியாமல் போகாது.

"இது உருளக்கெழங்கா, வத்தாளங்கெழங்கா?" என்றார் ஒருவர், சர்க்கரைவள்ளியோ என்ற சந்தேகத்தில்.

"வட்டிலப்பம் முதல்லயே வந்திட்டு போல" என்றார் பக்கத்திலிருந்தவர். வட்டிலப்பம் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பு.

ஹாஜியார் ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் சுளிக்காமல் மென்று விழுங்கினார். அதற்கு அடித்திருக்கலாம். நான் பையை எடுத்தேன்.

இப்போது அவருடைய மோட்டார் சைக்கிள் என் பக்கத்தில் நின்றது.

"சோறு தின்னாம எங்க போற, மகன்?"

எல்லாவற்றையும் சொன்னேன், அறுக்குளா உட்பட. அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்ப பிழ என்ட மண்ணுல இல்ல."

"ஓம் ஹாஜியார், என்னிலதான்."

"மாப்பிள்ளட சாச்சா குளிர்ல வெச்சீங்களாண்டு கேட்டார். நான் இல்லெண்டு சத்தியம் பண்ணிட்டன். ஏறு, வந்து நீயே சொல்லு."

மாப்பிள்ளை பெண் இரு வீட்டார் முன்னும் சொன்னேன். பந்தலே சிரித்தது. விவசாயப் போதனாசிரியரான அந்தச் சாச்சா மட்டும் விளக்கினார். பிடுங்கிய பிறகும் கிழங்கு உயிரோடுதான் இருக்கும். கடுங்குளிரில் அதன் நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக்கிவிடும். அந்தச் சீனிதான் எண்ணெயில் கறுக்கிறது. மிச்சத்தை இருட்டான, காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் பரப்பி வைத்தால் சீனி பெரும்பாலும் குறைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இப்படி யாராவது சோற்றோடு சொல்லித் தந்திருந்தால் நான் படித்திருப்பேன்.

இன்றும் ஹாஜியார் வீட்டில் கிழங்கு பொரித்தால் தட்டு முதலில் என்னிடம்தான் வரும். "சீனி போதுமாண்டு பாருங்க" என்பார் அந்த மாப்பிள்ளை.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஹாஜியார் அறைச் சாவியைத் தந்து வேலையைச் சொன்னார். மிச்ச மூட்டைகளை ஸ்டோரில் பரப்ப வேண்டும். தினம் ஒரு கிழங்கைப் பொரித்து அவரிடம் நிறம் காட்ட வேண்டும். முதல் துண்டு கறுப்புத்தான். நேற்றையதைவிடக் கொஞ்சம் குறைவு என்று நான் சொன்னேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓம் என்றார்.