பால் பாயின் வாட்டர் போலோ

விருத்தாசலத்தில் ஒரு சொட்டுப் பால் விற்காமலே பால்காரர் என்று பேரெடுத்த ஒரே மனிதர் எங்கள் பால் பாய்தான். வளைகுடா ஓட்டல் ஒன்றில் பதினைந்து வருடம் நீச்சல்குளம் பார்த்துக்கொண்டவர். சொந்த ஊர் மங்கலம்பேட்டை. திரும்பி வந்ததும் இங்கே கைலிக்கடை வைத்தார். கூடவே, தண்ணீரில் நீந்திக்கொண்டே கோல் போடுகிற வாட்டர் போலோ ஆட்டத்தின் பந்து ஒன்றையும் கொண்டுவந்தார். மூச்சுக்கு முந்நூறு தடவை "பாலு, பாலு" என்று அந்தப் பந்தைப் பற்றியே பேசியதால், ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது.

பீங்கான் கம்பெனி ஆபீஸ் வேலைக்காக நான் குடிவந்த வாரம், யாரோ வழிகாட்டியதை நம்பி, தூக்குப் பாத்திரத்தோடு அவர் கடைக்குப் போனேன். கடைக்கு ஏற மூன்றே படி.

"அரை லிட்டர் குடுங்க பாய்."

"பாலு இருக்குது. குடிக்கத்தான் முடியாது." மஞ்சள் பந்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "மூணு படிக்கே இப்பிடி மூச்சு வாங்குதே! ஒங்களுக்கு எதுக்கு சார் பாலு? சாயந்திரம் கெணத்துக்கு வந்துடுங்க."

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் அப்போதுதான் மிரட்டியிருந்தார். போனேன்.

ஊருக்கு வெளியே வயல் நடுவில் பெரிய சதுரக் கிணறு. எதிரெதிர்ச் சுவர்களில் சுண்ணாம்பால் கட்டம் போட்டிருந்தது. அதுதான் கோல். சூளையில் வேலை பார்ப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் என்று தண்ணீரில் இருந்த அத்தனை பேருக்கும் என்னைப் போலவே தொப்பை. பாய் படியில் நின்று கத்துவார்.

"படியப் புடிக்காதீங்க! களிமண்ணு மிதிக்கிற மாதிரி மிதிங்க, ஆனா கீழ மண்ணு இல்லன்னு நெனச்சுக்குங்க!"

எனக்கு நீச்சல் தெரியும் என்ற திமிர் இரண்டு நிமிடத்தில் கரைந்தது. கால் ஓயாமல் தண்ணீரைக் கடைய வேண்டும், கை பந்தை வீச வேண்டும், நடுவில் எவராவது தோளில் தொங்குவார்.

"ஓடுறவன் களைச்சா நின்னுக்கலாம் சார். இதுல நின்னா முழுகிடுவோம். அதான் ஒடம்புல ஒரு சதைகூட சும்மா இருக்காது" என்பார் பாய்.

பசியைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தால் ஆளையே விழுங்குகிற பசி. "ரெண்டு முட்டை, ஒரு வாழப்பழம், அவ்ளோதான். பரோட்டா பக்கம் போனீங்கன்னா செஞ்சதெல்லாம் வீணு" என்று சத்தியம் வாங்கினார். ஒருநாள் ஈரத்தலையோடு நாங்கள் திருட்டுத்தனமாகப் பரோட்டா கடைக்குள் நுழைந்தால், பாய் நாலாவது பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்.

"கத்துறதுக்கும் தெம்பு வேணுமில்ல?" என்றார்.

ஆறு மாதத்தில் ரயில்வே ஜங்ஷன் மேம்பாலப் படிகளை நான் நிற்காமல் ஏறினேன். பாய்க்கு அது போதவில்லை. பக்கத்துக்கு நாலு பேர் வைத்து முழுசாக ஒரு மேட்ச் நடத்திவிட வேண்டும் என்று ஏங்கினார். எட்டுப் பேர் ஒன்றாகச் சேர்வது குதிரைக்கொம்பு. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தோம். ஏழு பேர் வந்தோம். எட்டாவது ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

"நீங்க எறங்குங்க பாய், மேட்ச் நடந்துடும்" என்றேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க. அங்க கொளத்துல எங்களையெல்லாம் எறங்க வுட மாட்டாங்க. வெளிய வந்த பாலை எடுத்து உள்ள போடுவேன். அப்பிடிப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்."

வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். அன்றைக்கு மேட்ச் ஆடாமலே கலைந்தோம்.

மறுநாள் அவர் வரவில்லை. கடைக்குப் போய் நின்றேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சார் வர்றது?"

"மூஞ்சி வேணாம் பாய், காலு மட்டும் வந்தா போதும்" என்று கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டுகிற மாதிரி முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டி இறக்கினோம். ஐந்து வாரம் அலறினார். அவர் எங்களைத் திட்டிய எல்லா வசவுகளையும் நாங்கள் வட்டியோடு திருப்பித் தந்தோம். பிறகு ஒரு ஞாயிறு, தானே கேனை அவிழ்த்து வைத்துவிட்டுக் குதித்தார். அன்றைக்கு அவரோடு சேர்த்து எட்டுப் பேர் இருந்தோம்.

ஆட்டம் தொடங்கியதும் நான் அவருக்குப் பந்தை வீசினேன். கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் ஒரு கையால்தான் பந்தைத் தொட வேண்டும் என்பது சட்டம். பாய் இரண்டு கையாலும் வாரி எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஒருவரும் ஃபவுல் கேட்கவில்லை. வேண்டிய மட்டும் அவரிடமே இருக்கட்டும் என்று, கால்களைக் கடைந்தபடி காத்திருந்தோம்.