அறுபத்திரண்டு கிலோ வாயு

புது ரசாயன உலைக்குள்ளே போனது ஐநூறு கிலோ. வெளியே வந்த திரவம் நானூற்று முப்பத்து மூன்று. வாயுவாகப் போகவேண்டியது ஐந்து. மிச்சம் அறுபத்திரண்டு கிலோ எங்கே போய்த் தொலைந்தது என்று பொறியாளருக்குப் புரியவில்லை.

பத்து வருடமாக அடுத்தவர் வரைபடத்துக்குக் கோடு போட்டவர். இந்த உலையில்தான் முதன்முதலாக அவருடைய கையெழுத்து. இன்று மூன்று மணிக்குள் நிரந்தர வாயுக் குழாயின் அளவைச் சொல்லாவிட்டால் வேலை வேறொருவர் மேஜைக்குப் போய்விடும்.

பொருள் மாயமாகாது. கண்ணுக்குத் தெரியாமல் போனதென்றால் வாயுவாகத்தான் போயிருக்க வேண்டும். போன மாதம் வாங்கும் பட்டியலில் அநாவசியங்களை அடித்து நல்ல பேர் வாங்கிய அதே சிவப்புப் பேனாவால், இரண்டு அங்குலத்தை அடித்து ஆறு அங்குலம் என்று எழுதினார்.

வரைபடத்தில் ஆறு அங்குலக் குழாய் தூணில் இடித்தது. வளைத்தார். வளைத்த குழாய் மேலாளரின் புது அறைச் சுவருக்குப் போனது. கொத்தனார் வந்து சுவரில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

மேலாளர் வட்டத்தைப் பார்த்தார். "இந்த ஓட்டை கண்டிப்பா வேணுமா?"

"வாயு நிறைய வருது சார். சின்னதா போட்டா உள்ள அழுத்தம் ஏறிடும்."

எதற்கும் இரண்டாம் ஷிஃப்ட் கணக்கையும் பாருங்கள் என்றார் மேலாளர். பார்த்தார். அங்கே காணாமல் போனது எண்பத்தொன்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். ஆறு அங்குலம் எட்டானது. கொத்தனார் வட்டத்தை அழித்துப் பெரிதாகப் போட்டார். மேலாளர் தன் அலமாரியைத் தானே நகர்த்திக்கொண்டார்.

மணி இரண்டரை. எங்கேயாவது கசிகிறதோ என்று சோப்புத் தண்ணீரை எடுத்துப்போய் உலையின் இணைப்பு ஒவ்வொன்றிலும் தடவினார். ஒரு குமிழி கிளம்பவில்லை.

பக்கத்தில் ஆபரேட்டர் அடுத்த சுற்றுக்கான டிரம்மை மேடைத் தராசில் வைத்து, உட்கார்ந்தபடி எடைபோட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். முட்டிவலிக்காரர். பொறியாளரைக் கண்டதும் எழப் பார்த்தார். பொறியாளர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

"பரவாயில்ல, உக்காருங்கண்ணே. ஒவ்வொரு தடவையும் சரியா ஐநூறுதானே?"

"சந்தேகமே வேணாம் சார். முள்ளு ஐநூறத் தொட்டதும் வால்வ மூடிடுவேன்." சொன்னபடியே மூடினார்.

பொறியாளர் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினார். காணாமல் போன கிலோ, மேலாளரின் சுவர், கைநழுவப் போகும் கையெழுத்து. அறுபத்திரண்டு என்றதும் ஆபரேட்டர் ஒருமுறை தனக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு முட்டியைப் பிடித்தபடி மெல்ல எழுந்து தள்ளி நின்றார். தராசு முள் சரசரவென்று இறங்கி நானூற்று முப்பத்தெட்டில் நின்றது.

"அது வாயு இல்ல சார், நான். உக்கார ஒரு ஸ்டூல் கேட்டு எழுதிப் போட்டேன், நீங்கதான் அநாவசியம்னு அடிச்சிட்டீங்க. அதான் ரெண்டு ஷிஃப்ட்டுலயும் தராசு மேடை ஓரத்து மேலயே உக்காந்துக்கறோம்."