எதிரே உட்கார ஓர் ஆள்

ஒரே ஒரு கடலை உருண்டைக்காக வாழையிலை விரித்து, தண்ணீர் தெளித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர் திண்டுக்கல்லில் ஒருவர்தான். அவருக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. உண்மைப் பெயரைக் கேட்டால் அவர் வேலை பார்த்த பூட்டுப் பட்டறையின் முதலாளியே கொஞ்சம் யோசிப்பார். கக்கத்தில் எப்போதும் சுருட்டிய வாழையிலை ஒன்று இருக்கும் என்பதால் ஊருக்கு அவர் இலைக்கட்டு. எனக்கு இலைக்கட்டு அண்ணன்.

ஆள் ஆறடி. அவர் ஒரு வீட்டுக்குள் நுழைவதற்குள் வயிறு முன்னால் போய் நலம் விசாரித்துவிட்டிருக்கும்.

அறுபதுகளின் நடுவில் நான் புகையிலை மண்டியில் கணக்கு எழுத வந்து சேர்ந்த புதிது. ஒரு சாயங்காலம் பஸ் நிலையத்தில், சிமெண்டு மேடையில் இலையை விரித்து, நட்டநடுவில் ஒரு முறுக்கை வைத்துவிட்டு, அதைத் தொடாமல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தம்பி, செத்த நேரம் எதிர்ல உக்காருங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே."

"ஒரு முறுக்குத் திங்க எம்புட்டு நேரமாகும்? சும்மா உக்காருங்க. தின்னு முடிச்சதும் போயிருங்க."

உட்கார்ந்தேன். சம்பந்தி வீட்டு விருந்துபோல அந்த முறுக்கை மரியாதையோடு தின்றார். இலையை மடித்தார். என்னைக் கும்பிட்டார். பஸ் போய்விட்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்டியில் விசாரித்தால் ஆளுக்கொரு கதை. பழனிக்கு நேர்த்திக்கடன் என்றார் ஒருவர். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டதால் வந்த பயம் என்றார் இன்னொருவர். பொறுக்க மாட்டாமல் பட்டறைக்கே போய் அவரிடம் நேராகக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார்.

"பக்கோடாவா தம்பி?"

"ஆமாண்ணே."

"நடந்துக்கிட்டே தின்னீங்களோ?"

"ஆமா."

"யாருக்கும் தெரியாம."

கறையைக் கையால் மறைத்தேன். அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. பசித்தவனுக்கு நாலு பேர் இரங்குவார்கள். பசியே இல்லாமல், நிறுத்தவும் முடியாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறவன் யாரிடம் போய் அழுவான்? நான் யாரிடமும் சொன்னதில்லை. வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் அதே நோவுதேன்," என்றார் அண்ணன் சாதாரணமாக. "நின்னுக்கிட்டுத் தின்னது, ஒளிஞ்சு தின்னது எதுவும் தின்ன மாதிரியே இருக்காது. அதேன் இலை. எதிர்ல ஆளிருந்தா மடிச்ச இலையத் திரும்ப விரிக்கக் கூச்சமா இருக்கும். அம்புட்டுத்தேன் வைத்தியம்."

அன்று முதல் அவருக்கு நான் எதிர் ஆள், எனக்கு அவர். சாக்பீஸ் டப்பாவில் சீடை வைத்துத் தின்னும் வாத்தியார் ஒருவரையும் அண்ணனே மோப்பம் பிடித்து அழைத்து வந்தார். மூன்று பேரும் மூன்று இலையோடு தெருவில் போனால், யார் வீட்டில் விசேஷம் என்று ஜனங்கள் கேட்டார்கள்.

பிறகுதான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. "பரிமாறுறவன் கையில வாளி இருக்கும். வாளி பிடிச்ச கை வாய்க்குப் போகாது. நமக்கும் நல்லது, ஊருக்கும் ஒத்தாசை." பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்காருவது வழக்கம். ஆகவே சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் இறங்கினோம்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு பருக்கை எங்கள் வாயில் படவில்லை. ஆனால் ஆளாளுக்குத் தனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை அடுத்தவர் இலையில் வைத்தோம். 'போதும்' என்று ஒரு மனிதன் மனதாரச் சொல்ல முடியும் என்பதையே நாங்கள் நம்பியதில்லை. கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தவர்களுக்குக் கைமேலேயே சாம்பார் விழுந்தது. ஒல்லியான பெரியவர் ஒருவர் சோற்றுக்குப் பின்னால் காணாமல் போனார். முதல் பந்தி எழுந்தபோது சோற்று அண்டா காலி. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் உட்காரவே இல்லை.

பெண்ணின் தகப்பனார் சத்தம் போடவில்லை. "வீடு வீடாப் போயிச் சேத்த அரிசிப்பா," என்று மட்டும் சொன்னார். அக்கம்பக்கத்து வீடுகள் ஆளுக்கு ஒரு படி கொண்டுவந்து மறுபடி உலை வைத்து மானத்தைக் காப்பாற்றின.

"நான் தின்னாலும் ஊருக்கு நட்டம், திங்காட்டியும் நட்டம்," என்ற அண்ணனைக் கொஞ்ச நேரத்தில் காணோம்.

சாமான்கள் வைத்திருந்த உள்ளறையில் இருந்தார். எதிரே பெண்ணுக்குச் சீராகப் போகவேண்டிய அதிரசக் கூடை. மேலே மூடியிருந்த துணி விலகிக் கிடந்தது. கையில் ஓர் அதிரசம். கக்கத்தில் இலை இல்லை. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததெல்லாம் அந்த ஒரு அதிரசத்தோடு போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். ஒன்றோடு நிறுத்துகிற ஜாதியில்லை நாங்கள்.

"இன்னும் திங்கல தம்பி," என்றார். "என்னையத் தேடியா வந்தீங்க?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"இல்லண்ணே. அதிரசத்தத் தேடித்தான் வந்தேன்."

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, கையிலிருந்ததைக் கூடையில் திரும்ப வைத்தார். நான் துணியை இழுத்து மூடினேன். கூடையை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம்.

கதவு மெல்லத் திறந்தது. வாத்தியார் தலையை நீட்டினார்.

"வாங்க வாத்தியாரே," என்றார் அண்ணன். "இப்பிடி உக்காருங்க."

வெளியே இரண்டாவது பந்தி முடிந்து மூன்றாவது பந்தியும் எழும்வரை மூவரும் அந்தக் கூடைக்குக் காவல் இருந்தோம். மறுநாள் அதிரசம் ஒன்றுகூடக் குறையாமல் மாப்பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தது.

சாப்பிடுவதற்காக என்னோடு வாழ்நாளில் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிடாமல் இருப்பதற்காக என்னோடு உட்கார்ந்த முதல் மனிதர் இலைக்கட்டு அண்ணன்தான்.