வலது காது பொய் சொல்லாது

இடது பக்கத்தில் பாடகியைக் காணவில்லை.

முராசே கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்த்தார். வலது காதில் அவள் குரல் கணீரென்று வந்தது. இடது காதிலோ, பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ பாடுவதுபோல் இருந்தது. காலையில் நன்றாக இருந்த காது. இன்னும் சற்று நேரத்தில் மேடையேற வேண்டிய காது!

டோக்கியோவின் அகிஹாபாராவில், ஒரு கட்டடத்தின் மாடியில், இயர்போன் கண்காட்சி நடக்கும் நாள் முராசேவுக்குப் புத்தாண்டைவிடப் பெரிசு. காலையிலேயே வந்து வரிசையில் நின்றுவிடுவார். மேசைக்கு மேசை புது இயர்போன்கள். முதலில் ஈரத்தாளால் துடைக்க வேண்டும். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்த ரப்பர் முனையை மாட்டிக் காதில் செருகிக் கேட்க வேண்டும். அப்புறம் முனையைக் கழற்றிக்கொண்டு, குனிந்து வணங்கி, பின்னால் நிற்பவருக்கு வழிவிட வேண்டும். அடுத்தவர் முனையைக் காதில் வைப்பது அடுத்தவர் பல்துலக்கியை வாயில் வைப்பதற்குச் சமம். முராசே தன் முனைகளை மாத்திரை டப்பாவில் வண்ணவாரியாக அடுக்கி வைத்திருந்தார்.

மனிதருக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. பத்திரிகையில் அவர் எழுதும் பத்திக்கே 'வலது காது பொய் சொல்லாது' என்றுதான் பெயர். இன்று மேடையில் மூன்று புது இயர்போன்களை ஒப்பிட்டு, எது உசத்தி என்று தீர்ப்புச் சொல்லப்போகிறார். சறுக்கினால் அந்தப் பத்தியை யார் படிப்பார்கள்?

"கேபிளை மாத்திக் கொடுங்க!" என்றார்.

மேசைக்குப் பின்னாலிருந்த தொகிதா துள்ளி எழுந்தாள். அந்த இயர்போனை வடிவமைத்தவளே அவள்தான். "மெதுவாப் பேசுங்க முராசே சான், எல்லாரும் பாக்கறாங்க."

"மெதுவாத்தானே பேசறேன்!"

மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கேபிளை மாற்றினாள். பாடகி வரவில்லை. முனைதான் சிறியதாகிவிட்டதோ என்று பெரிய முனையை மாட்டி, கட்டைவிரலால் அழுத்தித் திணித்தார். இருந்த கொஞ்சமும் போயிற்று. சத்தத்தைக் கூட்டினார். பட்டியலில் அடுத்த பாட்டு ஓடத் தொடங்கியது. நால்வர் வயலின் இசை தவிர வேறெதையும் கேட்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவரின் காதிலிருந்து, பூனைக்குட்டி பல் தேய்க்கும் குழந்தைப் பாட்டு வெளியே கசிந்தது.

"மியாவ் மியாவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "உன் ரசனை ரொம்ப உசந்துபோச்சுடா!"

நேசு. சோற்றுருண்டையை மென்றுகொண்டு நின்றான். ஒரு காலத்தில் உயிர் நண்பன். முதல் கண்காட்சியில் முராசேவின் மஞ்சள் முனை ஒன்று காணாமல் போனது. அந்த ரகம் அப்போதே கடையில் கிடைக்காது. பக்கத்தில் நின்றவன் நேசு. அவன்தான் எடுத்திருப்பான் என்று முராசே எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. வருடத்துக்கு இருமுறை கண்காட்சியில் பார்க்கும்போது திட்டிக்கொள்வதோடு சரி.

"திருடன்கிட்ட எனக்குப் பேச்சில்லை," என்றார் முராசே, மாடி அதிர.

அதற்குள் மேடைக்கு அழைத்துவிட்டார்கள்.

முதல் இயர்போனில் பாடகி வலது ஓரத்தில் நின்றாள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது தொகிதாவுடையது; அதில் வலது காதுக்குள்ளேயே வந்து நின்றாள். முராசேவுக்குக் குப்பென்று வியர்த்தது. எதிரே நூறு முகங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. காது கேட்கவில்லை என்று சொல்ல முடியுமா?

"மூணாவது!" என்று முழங்கினார். "என்ன துணிச்சல்! எல்லாரும் பாடகியை நடுவுல நிறுத்துவாங்க. இவங்க ஓரமா நிறுத்தி, இடது பக்கம் ஒரு மௌனத்தை விட்டிருக்காங்க. அந்த மௌனம் இருக்கே... அதுதான் இசை!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கூட்டம் தொகிதாவின் மேசையை மொய்த்தது. கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். "ஆமா, ஓரமாத்தான் நிக்கறா!" "எனக்கு அந்த மௌனம் நல்லாவே கேட்குது!"

தொகிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நடுவுலதானே சார் நிறுத்தினோம்?" என்று முதலாளியிடம் கிசுகிசுத்தாள்.

"வாயை மூடும்மா. இன்னையிலேர்ந்து அவ ஓரமாத்தான் நிக்கறா."

நேசு மட்டும் இரண்டு முறை வரிசையில் நின்று கேட்டுவிட்டு நேரே முராசேவிடம் வந்தான். "அவ நடுவுல நிக்கறாடா. கல்லு மாதிரி நிக்கறா. உன் டப்பாவைத் திற."

"எதுக்கு? இன்னொண்ணு திருடவா?"

திறந்தார். நீல முனைகள் இரண்டில் ஒன்று இல்லை.

"எடுத்துட்டான்! மறுபடியும் எடுத்துட்டான்!"

நேசு நெருங்கி வந்தான். அவர் தலையைப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்து, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

"நீலம் உள்ள இருக்குடா. அவசரத்துல இழுத்திருக்க, இயர்போன் வந்துடுச்சு, முனை குறுக்கா திரும்பித் தங்கிடுச்சு. அதுக்கு மேல பெரிசை வேற குத்தி ஏத்தியிருக்க."

முராசேவின் முகத்தில் ஈயாடவில்லை. "வெளியில சொல்லிடாதே," என்றார். மெதுவாகத்தான் சொன்னதாக நினைத்தார். நேசு பதறிப்போய் அவர் வாயைப் பொத்தி, தரதரவென்று படியிறக்கி, பின்தெருவில் இருந்த காது மருத்துவரிடம் இழுத்துப் போனான்.

மருத்துவர் இசாவா அலட்டிக்கொள்ளாதவர். கண்காட்சி நாளில் இப்படி யாராவது வருவது அவருக்குப் பழக்கம். குறட்டால் ஒரு சுண்டு. நீல முனை தட்டில் வந்து விழுந்தது. இடது பக்கத்து உலகம் சட்டென்று திறந்துகொண்டது. வெளியே போன சைக்கிள் மணிகூடக் கேட்டது. முராசேவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அப்பாடா! என்ன தெளிவு!" என்றார். கூடவே பழைய திமிரும் திரும்பிவிட்டது. "நேசு, இன்னிக்கு நடந்தது இடது காதோட தப்பு. என் தீர்ப்பு எப்பவுமே வலது காதோடதுதான். அதுல ஒரு சொட்டு மாற்றமில்லை."

"சரிடா சாமி. இப்பவாவது அந்த மஞ்சளை நான் எடுக்கலைன்னு ஒத்துக்கோயேன். இத்தனை வருஷமா எல்லாரும் என்னைப் பாத்ததும் டப்பாவை மூடறாங்க. மனசு வலிக்குதுடா."

முராசே ஒரு கணம் தயங்கினார். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டார்.

"அந்த மஞ்சளைக் கண்ணால காட்டு. உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன், பத்தி எழுதறதையும் விட்டுடறேன்." மருத்துவர் பக்கம் திரும்பினார். "டாக்டர், வலது காதையும் ஒரு தடவை பாத்துடுங்க. டோக்கியோவிலேயே சுத்தமான காதுன்னு ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுங்க. அடுத்த இதழ்ல போடணும்."

இசாவா விளக்கை இழுத்து, வலது காதுக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு அதே குறட்டைக் கையில் எடுத்தார்.

"அட, இதுலயும் ஒண்ணு இருக்கே! ரொம்பப் பழசு போல... மஞ்சள் கலரு."